தடைக்காலத் திருவிழாவும் தவறிய காற்றும்: பாக் நீரிணைக் கரை ஊர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக்கூடாது. மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் இந்தத் தடை. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இலிருந்து 61 நாளாக நீண்டது. பள்ளிக்கூடங்களின் முழு ஆண்டு விடுமுறையும் இதே வாரங்களில்தான் விழுகிறது. ராமநாதபுரம் கடலோரத்தில் ‘லீவு’ என்று ஊரே உணரும் காலம் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

மார்கழியில் விழாக்கள் இல்லாமல் இல்லை. பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் கிறிஸ்துமஸ் களை கட்டும். கீழக்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி உத்தரகோசமங்கையில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் நெரியும். மரகத நடராசருக்கு ஆண்டு முழுவதும் பூசியிருக்கும் சந்தனத்தை அன்றைக்குத்தானே களைகிறார்கள். ஆனால் கடலில் இறங்கி ஒரு விழா எடுப்பதை மார்கழியில் யாரும் நினைப்பதில்லை. வாடைக்காற்றும் புயலும் வரும் மாதம் அது. தனுஷ்கோடி அழிந்தது 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு. அந்த இரவைப் பற்றிக் கேட்டு வளர்ந்த வீடுகள் இந்தக் கரை நெடுகிலும் இருக்கின்றன. அதனால் கடலோடு சேர்ந்த கொண்டாட்டம் சித்திரை, வைகாசிக்கே ஒதுங்கிவிட்டது.

இந்த ஆய்வு ஒரே ஓர் ஊரின் ஒரு கோடைத் திருவிழாவைப் பற்றியது. தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் இருக்கும் ஊர் என்பது மட்டும் போதும். பெயரை எழுதினால், இப்போதுதான் பேச ஆரம்பித்திருக்கும் இரண்டு தரப்பும் மறுபடி முறைத்துக்கொள்ளும்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். தடைக்காலம் என்றால் மீனவர் எல்லாருக்கும் ஓய்வு என்று வெளியூரில் நினைக்கிறார்கள். தடை விசைப்படகுக்கும் இழுவைப்படகுக்கும்தான். நாட்டுப்படகு போகலாம். விசைப்படகு கரையேறி நிற்கும்போது சந்தைக்கு வரும் மீன் குறையும், விலை ஏறும். நாட்டுப்படகுக்காரருக்கு ஆண்டிலேயே நல்ல பணம் பார்க்கக்கூடிய வாரங்கள் இவை. ஆக ஒரே தெருவில் ஒரு வீட்டுக்காரர் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார், பக்கத்து வீட்டுக்காரர் விடியுமுன் வலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களிடம் நேரம் இருக்கிறது, காசு இல்லை. படகு முதலாளிக்கோ மரவேலை, இன்ஜின் வேலை, பெயிண்ட் என்று செலவு மட்டும் இருக்கிறது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் அறிவித்தார். இரண்டு மாதத்துக்கு ஒரு குடும்பத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான் ஊர்க்கூட்டம் கூடி, தலைக்கட்டு வரி போட்டு, அம்மனுக்குக் காப்புக் கட்டுகிறது. காப்புக் கட்டிய பிறகு திருவிழா முடியும்வரை கடலுக்குப் போகக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. விசைப்படகில் போகிறவருக்கு இதனால் நட்டம் எதுவும் இல்லை. நாட்டுப்படகுக்காரர் நல்ல விலைக் காலத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தொழிலை விடுகிறார். அதையும் விட்டுவிட்டு, பாய்மரப் போட்டிக்குப் படகும் தருகிறவர் அவரே. பிறகு நடந்த சண்டையின் வேர் இங்கே இருக்கிறது. ஆனால் சண்டை வரும்வரை இதை யாரும் பேசவில்லை.

முளைப்பாரியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். திருவிழாவில் குறையில்லாமல் நடந்தது அதுதான். அதை நடத்தியவர்கள் மேடையில் ஏறவே இல்லை.

ராமநாதபுரம் மாவட்டத்தில் முளைப்பாரி இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் ஆடி, ஆவணியில் வரும் முளைக்கொட்டு இந்த ஊரில் சித்திரைத் திருவிழாவோடு சேர்ந்துவிட்டது. ஓட்டிலும் சட்டியிலும் கண்மாய் மண்ணும் காய்ந்த எருவும் வைக்கோலும் பரப்பி, ஊறவைத்த பயறு வகைகளைத் தூவி, வெயில் படாத அறையில் வைப்பார்கள். இருட்டில் வளர்வதால் பயிர் வெளிறிய மஞ்சளாக, உயரமாக, ஒரே சீராக எழும்பும். ராத்திரிக்கு ராத்திரி பெண்கள் கூடிக் கும்மி கொட்டுவார்கள். இதெல்லாம் எல்லா ஊரிலும் உண்டு. கடலோர ஊரின் தனிப் பிரச்சினை தண்ணீர். கிணற்றிலும் போரிலும் வருவது உப்பு. அதை ஊற்றினால் முளை கருகிவிடும், அல்லது அரைகுறையாக நிற்கும். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாயில் வரும் நாளில்தான் வரும். வராத நாளில், நான்கைந்து குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியை ஊருணிவரை தள்ளிக்கொண்டு போக வேண்டும். இந்த மாவட்டத்தில் அந்த வண்டி இல்லாத தெரு குறைவு.

அந்த ஊரில் முளைப்பாரி அறையைக் கவனித்துக்கொண்டவர் நடுவயது தாண்டிய ஓர் அக்கா. கருவாடு வாங்கி விற்பது அவருக்குத் தொழில். திருவிழாவுக்கு முந்தைய வாரம் தண்ணீர் வராமல் போனதும் அவர் திருவிழாக் கமிட்டியிடம் போகவில்லை. முளைப்பாரி போட்ட வீடுகளை மூன்று மூன்றாகப் பிரித்து, எந்த வீட்டுக்காரர் எந்தப் பொழுதில் ஒரு குடம் நல்ல தண்ணீர் தர வேண்டும் என்று சொல்லிவிட்டார். குடிக்க வைத்திருந்த தண்ணீரிலிருந்துதான் கொடுத்தார்கள். “அம்மனுக்குப் போக மிச்சத்தைத்தாங்க நாங்க குடிச்சோம்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார் ஒருத்தர். வாட்ஸ்அப் குரூப் கிடையாது, நோட்டு கிடையாது. முளைப்பாரி எடுத்த அன்று ஒரு சட்டிகூடக் குறைசொல்லும்படி இல்லை. கரைத்த இடம் கடல்.

அப்புறம் மற்ற நிகழ்ச்சிகள். கபடியும் வாலிபாலும் மின்னொளியில் நடந்தன. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலைபார்க்கும் இளைஞர்கள் சுழற்கோப்பைக்குப் பணம் அனுப்பியிருந்தார்கள். அவர்களுடைய படங்கள் ஃபிளெக்ஸில் அம்மன் படத்தைவிடப் பெரிதாக இருந்தன, அது எல்லா ஊர் வழக்கம்தான். ஒரு ராத்திரி நாடகம், ஒரு ராத்திரி ஆடல் பாடல். ஆடல் பாடலுக்குக் காவல்துறை அனுமதி வாங்குவதே இப்போது தனி வேலையாகிவிட்டது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் நிபந்தனைகளோடு அனுமதி வாங்கிவருகிற ஊர்களும் உண்டு. இங்கே அந்த அளவுக்குப் போகவில்லை. இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை முழுதாகக் கடைப்பிடித்தார்கள் என்று நான் எழுதினால் அந்த ஊர்க்காரர்களே சிரிப்பார்கள்.

சரி, போட்டிக்கு வருவோம்.

தொண்டி வட்டாரத்தில் நம்புதாளை, மோர்ப்பண்ணை போன்ற ஊர்களில் கோயில் திருவிழாவை ஒட்டிப் பாய்மரப் படகுப் போட்டி நடத்துவது பழைய வழக்கம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கரைகளிலிருந்தும் படகுகள் வரும். நாட்டுப்படகுகளுக்கு இன்ஜின் வந்த பிறகு தொழிலில் பாய்க்கு வேலை குறைந்துவிட்டது. பல படகுகளில் பாய் விரிவது போட்டியன்று மட்டுந்தான். ஆகவே இருபது வயதுப் பையன் பாயைப் பிடிக்கப் பழகுவது போட்டிக்கு முந்தைய வாரம், அப்பாவோ மாமாவோ பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும்போது. படகுக்கு ஆறு பேர் ஏறுவார்கள். சுக்கான் ஒருவர் கையில், பாய்க் கயிறு இன்னொருவர் கையில். காற்று பாயை ஒரு பக்கம் சாய்க்கும்போது படகு கவிழாமல் இருக்க, காற்று வரும் பக்கம் பலகையைக் கடலுக்கு மேலே நீட்டி அதன் மேல் ஆட்கள் போய் நிற்பார்கள். பாயின் மேல் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டே போவதும் உண்டு. நனைந்த துணியில் காற்று ஒழுகாது என்பதற்காக.

இதில் காற்றின் நேரம் முக்கியம். அந்தக் கரை கிழக்கு பார்த்தது. கோடையில் விடியற்காலை நிலம் குளிர்ந்திருக்கும், காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசும். வெயில் ஏறி மணல் சுடத் தொடங்கியதும் அது மெல்ல விழுந்துவிடும். கொஞ்ச நேரம் எதுவும் இருக்காது. பிறகு கடலிலிருந்து கரைக்கு வேறு காற்று பிடிக்கும், அது விழுந்த காற்றைவிட வலுவாகவே வரும். வைகாசி நெருங்கினால் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று வேறு குறுக்கே வந்து இந்த ஒழுங்கையே மாற்றிவிடும். போட்டியைக் காலை 8 மணிக்கு வைத்தால் கரைக்காற்றிலேயே போய்த் திரும்பிவிடலாம். இல்லையென்றால் கடற்காற்று நன்றாகப் பிடிக்கும்வரை பொறுத்திருந்து மதியத்துக்கு மேல் விட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் விடக்கூடாது. கரையில் இது தெரியாத பெரியவர் கிடையாது.

கமிட்டியின் அழைப்பிதழில் 8 மணி என்றுதான் போட்டிருந்தார்கள். ஏழரைக்கே படகுகள் வரிசையாக நின்றன. கொடியசைத்துத் தொடங்கிவைக்க வெளியூரிலிருந்து வர வேண்டிய பிரமுகர் வரவில்லை. ஒன்பதரைக்கு வந்தார். வந்தவருக்குப் பொன்னாடை, அவரோடு வந்தவர்களுக்குப் பொன்னாடை, பொன்னாடை போட்டவர்களுக்கு நன்றி. வரவேற்புரை தனியாக நடந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற வயதான சுக்கான்காரர் ஒருவர் கமிட்டிப் பையனைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“தம்பி, காத்து தளந்துருச்சு. இப்ப விடு, இல்லன்னா சாயங்காலமா வச்சுக்க.”

“செத்த பொறுங்க அப்பச்சி, அவுக பேசி முடிச்சிரட்டும். பாதியில நிறுத்துனா மரியாதையா இருக்காது.”

பத்து மணி தாண்டிக் கொடி அசைந்தது. கரையிலிருந்து முதல் மிதவைவரை படகுகள் எப்படியோ நகர்ந்தன. அதற்கு அப்பால் காற்று முழுவதும் விழுந்தது. பாய்கள் துவண்டு தொங்கின. கரையிலிருந்து பார்த்த கூட்டத்துக்கு எதுவும் புரியவில்லை. மைக்கில் வர்ணனை சொன்னவர் மட்டும் படகுகள் சீறிப் பாய்வதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காக அவரைக் குறைசொல்ல முடியாது, அவருக்குக் கொடுத்த வேலை அது. வெயிலில் நின்றபடி ஆட்கள் களைத்துப்போனார்கள். சில படகுகளில் துடுப்புப் போட்டதாகப் பிறகு புகார் வந்தது, போட்டி விதிப்படி அது கூடாது.

பிறகு கடற்காற்று வந்தது, எதிர்ப்பக்கத்திலிருந்து. முன்னால் நின்ற படகுகள் பலகையை எடுத்து மறுபக்கம் மாற்றிக்கொண்டன. பின்னால் ஒரு படகில் இளைஞர்களே அதிகம். பலகை பழைய பக்கத்திலேயே இருந்தது, ஆட்களும் அதன் மேலேயே. பாய் ஒரு அடி வாங்கியதும் அவர்கள் நின்ற பக்கமே படகு சரிந்து கவிழ்ந்தது. எல்லாருக்கும் நீச்சல் தெரியும், கடல் அங்கே அவ்வளவு ஆழமும் இல்லை. ஆனால் பாயும் கயிறும் மேலே விழுந்தால் நீச்சல் மட்டும் உதவாது. ஒருவருக்குக் கயிறு சுற்றிக் கையில் காயம்.

மீட்புக்கு என்று ஒரு ஃபைபர் படகை ஒதுக்கியிருந்தார்கள். அது அந்த நேரத்தில் வீடியோக்காரர்களை ஏற்றிக்கொண்டு முதலிடத்தில் இருந்த படகின் பக்கத்தில் நின்றது. கவிழ்ந்தவர்களைத் தூக்கியது போட்டியில் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு படகு. அது போட்டியை விட்டுத் திரும்பி வந்தது. அந்தப் படகுக்கு என்ன பரிசு என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

மாலையில் சண்டை. காற்று விழுந்தபோது முன்னால் இருந்தவர் தனக்கே முதல் பரிசு என்றார். முடிவில் எல்லையை முதலில் தொட்டவர் தனக்கு என்றார். கவிழ்ந்த படகின் சொந்தக்காரர் பரிசைப் பற்றிப் பேசவே இல்லை. “ஒரு வாரம் கடலுக்குப் போகாம இருந்தேன், பாயும் கிழிஞ்சுபோச்சு, யாரு தருவா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நாட்டுப்படகுத் தெரு ஒன்றாகச் சேர்ந்தது. கட்டுப்பாடு எங்களுக்கு, செலவு எங்களுக்கு, பொன்னாடை உங்களுக்கா என்று ஆரம்பித்து, பல ஆண்டுக் கணக்கெல்லாம் வெளியே வந்தது. கடைசியில் ரொக்கத்தை முன்னால் வந்த படகுகளுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். கோப்பை கோயிலில் இருக்கிறது.

இதை விதி என்றோ விபத்து என்றோ விட்டுவிடலாம். ஊரில் சிலர் அப்படித்தான் சொன்னார்கள், காப்புக் கட்டியவர் யாரோ சுத்தம் குறைந்தார் என்றும் ஒரு பேச்சு ஓடியது. எனக்கு அது ஒப்பவில்லை. முளைப்பாரி அறையில் முடிவெடுத்தவர் தண்ணீரும் பயிரும் தெரிந்தவர். அவர் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. போட்டியில் காற்றுத் தெரிந்தவர் மேடைக்குப் பின்னால் நின்றார், முடிவெடுக்கும் மைக் அவர் கையில் இல்லை. மீட்புப் படகை வீடியோவுக்கு அனுப்பியவரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. இணையத்தில் ஏறும் படம்தான் அடுத்த ஆண்டு நன்கொடையைக் கொண்டுவரும் என்பது அவர் கணக்கு, அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் கடலில் ஒரே ஒரு படகு இருக்கும்போது அதற்கு ஒரு வேலைதான் கொடுக்க முடியும்.

இந்த மாவட்டத்தின் மற்ற விழாக்களோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகிறது. ஏர்வாடி சுல்தான் சையது இப்ராகிம் தர்காவில் சந்தனக்கூடு துல்கஅதா மாதத்தில் வருகிறது. பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்து, 2025-இல் மே மாதத்துக்கே வந்துவிட்டது. எல்லா மதத்தாரும் கூடுகிற விழா. கூடு ஊர்வலமாக வந்து சேர்வது அதிகாலையில். யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நேரம் பெரிதாக மாறாது. மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறையை அதற்கு ஏற்றபடி அறிவிக்கிறது. தங்கச்சிமடம் வேர்க்காட்டில் ஜூலையில் நடக்கும் புனித சந்தியாகப்பர் திருவிழாவுக்கும் இந்துக்களும் இஸ்லாமியரும் வருகிறார்கள். அங்கே தேர்ப்பவனியின் நேரம் ஆலயத்தின் கையில். கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா இன்னும் ஒரு படி மேலே. இலங்கைப் போர்க்காலத்தில் நின்றுபோய், 2010-இல் மறுபடி தொடங்கியது. இரண்டு நாட்டு அரசுகளின் அனுமதி, பதிவு, சோதனை எல்லாம் உண்டு. ஆனாலும் ராமேசுவரத்திலிருந்து பக்தர்களைக் கொண்டுபோவது மீனவர் படகுகள். தமிழக மீனவர்களுக்கு இலங்கை நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை விதித்ததை எதிர்த்து 2024-இல் படகு எடுக்க மாட்டோம் என்று மீனவர்கள் முடிவெடுத்தார்கள். இந்தியப் பக்தர்கள் இல்லாமலே அந்த ஆண்டுத் திருவிழா நடந்தது.

நம் ஊர்ப் போட்டியிலும் படகு மீனவர் கையில்தான் இருந்தது. ஏழரை மணிக்கு வரிசையில் நின்ற சுக்கான்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து, இப்போது விடாவிட்டால் சாயங்காலம்தான் என்று சொல்லியிருந்தால் கமிட்டி கேட்டிருக்கும். ஏன் சொல்லவில்லை என்று ஒருவரிடம் கேட்டேன். மேடையில் இருந்தவர்களில் ஒருவர் அவருடைய சம்பந்தி. ஊர்த் திருவிழாவில் யாரும் வெறும் சுக்கான்காரராக மட்டும் இருக்க முடியாது. இதை எந்த விதிமுறையும் மாற்றிவிடாது. ஆகவே மாற்ற வேண்டியது நிகழ்ச்சி நிரலைத்தான்.

இதற்கான ஊர்க்கூட்டம் ஜூனில், தடைக்காலம் முடிவதற்குள் நடந்தது. விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டால் ஆள் சேராது என்பதால் அவசரப்பட்டார்கள். சில முடிவுகள் எளிதில் வந்தன. பொன்னாடையும் பேச்சும் இனி மாலைப் பரிசளிப்பில். காலையில் கொடியசைப்பவர் ஊரின் மூத்த சுக்கான்காரர், பிரமுகர் வந்திருந்தால் பக்கத்தில் நிற்கலாம். காற்று இல்லை என்று அந்தச் சுக்கான்காரர் சொன்னால் போட்டி மதியத்துக்கு மாறும், அதை அழைப்பிதழிலேயே அச்சடிப்பார்கள். மீட்புப் படகில் கேமராவுக்கு இடமில்லை. தூக்கிவிட்ட படகுக்கு அடுத்த ஆண்டு நுழைவுக் கட்டணம் வாங்கமாட்டார்கள்.

நாட்டுப்படகுக்காரர் தொழிலை விடும் நாள்களுக்கு வரியில் கழிவு கொடுப்பதா என்பதில் இழுபறி. கழிவு கொடுத்தால் வெளிநாட்டில் இருப்பவர்கள் தலையில் கூடுதலாக விழும், அவர்கள் வீடியோகாலில் வந்து அதை ஏற்கவில்லை. காப்புக் கட்டும் நாளைக் குறைப்பதா என்றொரு யோசனை வந்தது, முளைப்பாரி அக்கா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். பயிர் வளர எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள்தான் காப்பு. அவர் பேசிய பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

கிழிந்த பாய்க்குக் கோயில் பணத்திலிருந்து பாதி தருவது என்று முடிவானது. மீட்புக்கு இரண்டாவது ஃபைபர் படகு எடுத்தால் அதற்கு டீசல் யார் போடுவது என்பது மட்டும் முடியவில்லை. அதை ஆடி மாதக் கூட்டத்துக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.